வலை வீசிய கையும் கண்ணி வாரிய கையும்

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இன்றைய நிகழ்ச்சிநிரலில் குழந்தைகளின் கோலாட்டமும் அதனை அடுத்து நாடகமும் காத்திருக்கின்றன. அவற்றிற்கு முன்பாக ஒரு சொற்பொழிவைக் கேட்க இசைந்திருக்கும் உங்கள் பொறுமைக்கு முதற்கண் நன்றி செலுத்துகின்றோம். எப்பொருள் பற்றிப் பேசலாம் என்று சங்கத்தார் வினவியபோது, இலக்கியம் பேச அறிஞர் பலர் உளர், நாம் கடலைப் பற்றிப் பேசுவோம் என்று விடை கூறினோம். இம் மும்பைக் குடியிருப்பில் வாழும் நம்முள் பலர் துறைமுகத்திலும் கப்பற் பட்டறையிலும் ஆலைகளிலும் இரயில்வேயிலும் பணியாற்றுகின்றவர்கள். அல்லது அவ்வாறு பணியாற்றிக் குடும்பத்தை இங்கே நிலைநாட்டிய தந்தையரின் மக்கள். கையால் உழைப்பவனிடம் குடிகொண்டுள்ள அறிவு எத்தகையது, அதனை உலகம் எப்போது தேடி வருகின்றது, எப்போது மறந்து போகின்றது என்பதைக் காட்டும் ஒரு வரலாற்றை நீங்கள் கேட்க வேண்டும் என்பது எம் விருப்பம். அது நம் நாட்டு வரலாறன்று. பிரிட்டனின் வட கடலோரத்து மீனவர்களின் வரலாறு. ஆயினும் அதன் அலை ஒன்று நம் மும்பைக் கரையிலும் வந்து மோதியிருக்கின்றது.

தமிழில் கண்ணி என்னும் சொல்லுக்குப் பொருள் பல. வலையின் ஒவ்வொரு துளையும் கண்ணி. பறவை பிடிக்க வைக்கும் சுருக்கும் கண்ணி. கடலுக்குள் மறைத்து வைக்கும் வெடியையும் கண்ணி என்றே வழங்குகின்றோம். வலைக்கண்ணியை அறிந்தவன் வெடிக்கண்ணியை வாரப் புகுந்த கதையே இன்று நாம் கூறப்போவது.

முதலில் அவ் வெடிக்கண்ணியின் இயல்பைத் தெரிந்துகொள்வோம். அது உருண்டையான ஓர் இரும்புக் கூடு. உள்ளே 100 கிலோவுக்கும் மேற்பட்ட வெடிமருந்து. அது மிதக்கக்கூடியது, ஆனால் மேலே வந்து மிதக்க விடாமல், கடலடியிற் கிடக்கும் ஒரு கனத்த எடையோடு கம்பியாற் கட்டப்பட்டிருக்கும். ஆகவே நீர்மட்டத்திற்குச் சில அடி கீழே, கண்ணுக்குப் புலப்படாமல் நின்றுகொண்டிருக்கும். அதன் உடலில் ஈயத்தாலான சிறு கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். கொம்பினுள் ஒரு கண்ணாடிக் குழல்; குழலினுள் அமிலம். கப்பலின் அடிப்பாகம் கொம்பில் இடித்ததும் ஈயம் வளையும், கண்ணாடி உடையும், அமிலம் மின்கலத்தில் இறங்கும், மின்சாரம் பிறக்கும், வெடி வெடிக்கும். இதற்குக் காவலாள் வேண்டுவதில்லை; உணவும் உறக்கமும் வேண்டுவதில்லை. போட்டவன் போன பின்பும் அது காத்திருக்கும். வருகின்ற கப்பல் போர்க்கப்பலா, வணிகக் கப்பலா, மீன்பிடி படகா என்று அது வேறுபாடு பார்ப்பதில்லை.

இதன் கொடுமையை உலகம் நன்குணர்ந்தது 1904 ஆம் ஆண்டு நடந்த ரஷிய-ஜப்பானியப் போரில். அவ்வாண்டு ஏப்ரல் 13 அன்று பெட்ரோபாவ்லோவ்ஸ்க் என்னும் ரஷியப் போர்க்கப்பல் ஜப்பானியர் இட்ட கண்ணியில் மோதி, புகழ்பெற்ற கடற்படைத் தலைவர் மக்காரவுடன் மூழ்கியது. மே 15 அன்று ரஷியர் இட்ட கண்ணிகளால் ஹாட்சுசே, யாஷிமா என்னும் இரு பெரும் ஜப்பானியப் போர்க்கப்பல்கள் ஒரே நாளில் அழிவெய்தின. கோடிக்கணக்கிற் செலவிட்டுக் கட்டிய கப்பலை மலிவான ஓர் இரும்புருண்டை கவிழ்த்துவிடுகின்றது என்பதைக் கண்டு கடல் வல்லரசுகள் திகைத்தன. கண்ணியை இடுவார் ஆயிரவர் இருக்கலாம். அதனை எடுப்பார் யார் என்ற வினா எழுந்தது.

பிரிட்டிஷ் கடற்படையில் இவ்வினாவிற்கு விடை கண்டவர் அட்மிரல் சார்லஸ் பெரஸ்ஃபோர்டு. அவர் 1907 இல் கிரிம்ஸ்பி என்னும் மீன்பிடித் துறைமுகத்தின் பக்கம் தம் பார்வையைச் செலுத்தினார். இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள அவ்வூரிலிருந்து நூற்றுக்கணக்கான நீராவி இழுவலைக் கப்பல்கள் வட கடலுக்குச் சென்று மீன் பிடித்து வந்தன. டிராலர் என்று நாம் இன்று சொல்லும் கப்பல்கள் அவை. கண்ணி வாருவதற்கு இவற்றினும் பொருத்தமான கப்பலும் இல்லை, இம்மீனவரினும் பொருத்தமான ஆளும் இல்லை என்று அவர் கூறினார்.

ஏன் அவ்வாறு கூறினார் என்பது எண்ணத்தக்கது. இழுவலைக் கப்பல் வலையை வீசிவிட்டு நிற்பதில்லை. கடலின் அடித்தரையைத் தொட்டுச் செல்லும்படி பெரிய மடிவலையை மணிக்கணக்கில் இழுத்துச் செல்கின்றது. நூற்றுக்கணக்கான அடி நீளமுள்ள எஃகுக் கம்பிகள் அவ்வலையைத் தாங்குகின்றன. வலையின் வாய் மூடிக்கொள்ளாமல் இருக்க இருபுறமும் இரண்டு கனத்த பலகைகள் கட்டப்பட்டிருக்கும். கப்பல் முன்னே செல்லச் செல்ல, நீரின் விசை அப்பலகைகளை வெளிப்பக்கமாகத் தள்ளி வாயை விரித்து வைக்கும். பட்டத்தைக் காற்று எவ்வாறு தாங்குகின்றதோ அவ்வாறே பலகையை நீர் தாங்குகின்றது. கம்பியை விடவும் சுற்றவும் மேல்தளத்தில் வலிமை மிக்க நீராவி வின்ச் உண்டு. கம்பி எப்போது விண்ணென்று தெறிக்கும், எப்போது தளரும், அடியில் பாறையிற் சிக்கினால் எவ்வாறு அதிரும் என்பதெல்லாம் அக் கப்பல் மாந்தர்க்குக் காலடி நடுக்கத்திலேயே விளங்கும். மாரிக்காலத்து வட கடலில், கொந்தளிக்கும் இருளில், பனிக்கட்டி படிந்த தளத்தில் நின்று இவ்வேலையை அவர்கள் நாள்தோறும் செய்துவந்தார்கள். இவ்வறிவைக் கடற்படைக் கல்லூரியிற் கற்பிக்க முடியுமா? ஒரு கடற்படை வீரனுக்கு இதனைப் பழக்கப் பல ஆண்டுகள் ஆகும். மீனவனிடம் அது பிறப்போடும் பிழைப்போடும் வந்திருந்தது.

1908 இல் கிரிம்ஸ்பியைச் சேர்ந்த ஆண்டிஸ், அல்கோமா என்னும் இரண்டு மீன்பிடிக் கப்பல்களைக் கொண்டு போர்ட்லண்டு துறையில் சோதனை நடந்தது. மீனவரே கப்பலைச் செலுத்தினர். முறை எளியது. இரு கப்பல்கள் சில நூறு கெஜ இடைவெளியில் இணையாகச் செல்லும். இரண்டையும் ஒரு நீண்ட எஃகுக் கம்பி இணைக்கும். கம்பி மேலே மிதந்து வராமல் வேண்டிய ஆழத்தில் நிற்கும்படி, ‘காற்றாடி’ என்று அவர்கள் பெயரிட்ட கனத்த மரச்சட்டம் ஒன்று ஒவ்வொரு கப்பலின் பின்னும் நீரில் இழுபட்டு வரும். இரு கப்பல்களுக்கும் நடுவே கண்ணி இருப்பின், அதன் கட்டுக்கம்பியை இக்கம்பி உரசி அறுக்கும். அறுந்த கண்ணி மேலே வந்து மிதக்கும். அதனைத் துப்பாக்கியாற் சுட்டு மூழ்கடிப்பர், அல்லது வெடிக்கச் செய்வர். மீனுக்கு மாறாக வெடியைப் பிடிக்கும் மீன்பிடியே இது என்றால் மிகையன்று.

சோதனை வெற்றி பெற்றது. மீனவர்களைச் சேர்த்துக் கடற்படையின் துணைப் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது. இங்கே ஒரு செய்தி நம் மனத்தைக் கவர்கின்றது. கடற்படைக்குத் தனக்கென்று பதவிப் பெயர்கள் பல உண்டு. ஆயினும் இப்பிரிவில் மட்டும் மீன்பிடிக் கப்பலில் வழங்கிய பெயர்களே நிலைத்தன. நம் கரையில் தண்டல் என்று சொல்லப்படும் கப்பல் தலைவன் அங்கே ஸ்கிப்பர். அவன் படையிலும் ஸ்கிப்பராகவே இருந்தான். அடுப்பிற்குக் கரி தள்ளியவன் அதே பெயரோடு கரி தள்ளினான். அவர்களுடைய தொழிலை அவர்களுடைய சொல்லாலேயே அழைத்தது ஒரு சிறு மரியாதை. பின்னாளில் அம்மரியாதை எவ்வளவு மெலிந்தது என்பதைச் சற்றுப் பொறுத்துக் காண்போம்.

1914 ஆகஸ்டு 4 அன்று பிரிட்டன் போரிற் புகுந்தது. மறுநாளே, இன்பப் பயணிகளை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த குனிகின் லூயிசே என்னும் ஜெர்மன் கப்பல் இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் கண்ணிகளை இட்டது. அதனைத் துரத்தி மூழ்கடித்த ஆம்ஃபியான் என்னும் பிரிட்டிஷ் கப்பல், 6 ஆம் நாள் அதே கண்ணிகளில் சிக்கி அழிந்தது. ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். போரில் பிரிட்டன் இழந்த முதற் போர்க்கப்பல் அதுவே. உல்லாசக் கப்பல் வெடி விதைக்க, மீன்பிடிக் கப்பல் அதனைக் களையெடுக்கப் புறப்பட்ட விந்தையான போர் அது! தொடக்கத்தில் நூற்றுக்கு உட்பட்ட இழுவலைக் கப்பல்களே ஆயத்தமாக இருந்தன. போர் முடிவதற்குள் இழுவலைக் கப்பல்களும் பிற மீன்பிடிக் கப்பல்களுமாக ஏறத்தாழ 3,000 கடற்படைப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. கண்ணி வாருதல், நீர்மூழ்கிகளைத் தேடுதல், காவல் புரிதல் எனப் பல வேலைகளை அவை ஆற்றின.

அவர்கள் வேலை எத்தகையது என்பதை உணர்த்த ஒரு காலைப் பொழுதைச் சொன்னால் போதும். 1914 டிசம்பர் 16 அன்று ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஸ்கார்பரோ, விட்பி, ஹார்ட்டில்பூல் ஆகிய கரையோர ஊர்களின்மேல் குண்டு வீசின. அக் குழப்பத்தினிடையே கோல்பெர்க் என்னும் கப்பல் ஸ்கார்பரோவுக்கு அப்பால் நூறு கண்ணிகளை இட்டுச் சென்றது. டிசம்பர் 19 அன்று கிரிம்ஸ்பி இழுவலைக் கப்பல்கள் அப்பகுதியைத் துழாவச் சென்றன. தாம் கண்ணிக் காட்டின் நடுவே புகுந்துவிட்டதை அவர்கள் அறிந்தபோது சுற்றிலும் வெடிகள் வெடித்துக்கொண்டிருந்தன. சில நிமிடங்களுக்குள் ஏறத்தாழப் பதினெட்டுக் கண்ணிகள் வெடித்தன அல்லது மேலே எழுந்தன. ஓரியாண்டா என்னும் கப்பல் மூழ்கியது. பாசிங் என்பது முன்புறம் பிளந்து தத்தளித்தது. மறுநாள் கார்மோ என்னும் மற்றொன்றும் மூழ்கியது. ஆயினும் அடுத்தடுத்த நாட்களில் எஞ்சிய கப்பல்கள் அதே நீருக்குத் திரும்பிச் சென்றன. அவர்கள் அவ்வாறு செல்லாவிடில், இலண்டனுக்குக் கரியும் உணவும் ஏற்றிவரும் சரக்குக் கப்பல்கள் செல்ல வழியில்லை.

இன்னொரு நுட்பமும் இங்கே கூறத்தக்கது. இழுவலைக் கப்பலின் அடிப்பாகம் நீருக்குள் ஆழ்ந்து நிற்பது. கடல் வற்றும் நேரத்தில், மறைந்திருக்கும் கண்ணியை அக்கப்பலே இடித்துவிடும். ஆகையால் நீர் ஏற்றத்தின் உச்சத்தையொட்டிய சில மணி நேரமே ஓரளவு பாதுகாப்பானது. ஓதத்தின் ஏற்றவற்றத்தைக் கணக்கிட்டு வாழ்ந்த மீனவனுக்கு இக்கணக்கு புதிதன்று. அவன் தொழிலறிவே அவன் கவசம்.

இனி, அவ்வறிவு மதிக்கப்படாத இடத்தில் என்ன நேர்ந்தது என்பதைப் பார்ப்போம். 1915 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டார்டனெல்ஸ் நீரிணையை ஊடுருவி, துருக்கியின் தலைநகரை நோக்கிச் செல்ல பிரிட்டனும் பிரான்சும் முயன்றன. நீரிணையின் குறுக்கே துருக்கியர் வரிசை வரிசையாகக் கண்ணிகளை இட்டிருந்தனர். அவற்றை அகற்ற, வட கடலிலிருந்து சுமார் இருபது இழுவலைக் கப்பல்கள் அவற்றின் மீனவர்களுடனேயே கொண்டுவரப்பட்டன.

கருங்கடலிலிருந்து வடியும் நீர் அந்நீரிணை வழியாக விரைந்து பாய்கின்றது. கம்பியையும் மரச்சட்டத்தையும் இழுத்துக்கொண்டு அவ்வெள்ளத்தை எதிர்த்துச் சென்ற இழுவலைக் கப்பல்கள், மனிதன் நடக்கும் வேகத்திற்குமேல் முன்னேற முடியவில்லை. இரு கரைகளிலும் பீரங்கிகள். இரவில் சென்றால் தேடொளி விளக்குகள் அவற்றைப் பகல்போற் காட்டின. மார்ச் 10 இரவு, வெள்ளத்தை எதிர்த்துத் துழாவுவதை விடுத்து, முதலில் கண்ணி வரிசையைக் கடந்து மேலே சென்று, பின்பு திரும்பி நீரோட்டத்தோடு துழாவிவர முயன்றார்கள். ஒரு கப்பல் கண்ணியில் மோதி மூழ்கியது. பீரங்கி மழைக்கிடையே சில கப்பல்கள் மரச்சட்டத்தை உரிய ஆழத்தில் இறக்கவே இல்லை. மார்ச் 13 இரவு கடற்படையினரும் தாமே முன்வந்து உடன் சென்றனர். அன்று குண்டுகள் கம்பிகளையும் வின்ச்சுகளையும் சிதைத்தன. துணைக்கு நின்ற அமெதிஸ்ட் என்னும் போர்க்கப்பலும் அடிபட்டுப் பலர் மாண்டனர்.

கடற்படையின் மேலதிகாரிகள் சிலர், குறிப்பாகப் படைத்தலைவரின் தலைமை உதவியாளராக இருந்த ரோஜர் கீஸ், மீனவர்களைக் கடிந்துகொண்டனர். அவர்களுக்கு நெஞ்சுரம் இல்லை என்றனர். மீனவர் தரப்பிலோ, கண்ணியால் வரும் சாவு தாம் ஏற்றுக்கொண்ட தொழிலின் பகுதி, பீரங்கிக்கு எதிரே நிற்பதற்குத் தாம் பழக்கப்பட்டவர் அல்லர் என்ற கருத்து நிலவியது. இதில் யார்பால் நியாயம்? நாம் கூறுவோம்: மீனவன் கோழையாயின் மாரிக்கால வட கடலுக்கே போயிருக்கமாட்டான். ஓர் ஆயுதம் தோற்றால், அதனைச் செய்த கொல்லனையும் பார்க்க வேண்டும், அதனை எங்கே பயன்படுத்தினோம் என்பதையும் பார்க்க வேண்டும். வேகமில்லாத கப்பலை விரைந்தோடும் நீரில், காவலற்ற கப்பலைப் பீரங்கி வாயில் நிறுத்தியவர்கள் மீனவர்கள் அல்லர்.

அதன் விலை சில நாட்களில் செலுத்தப்பட்டது. மார்ச் 8 ஆம் நாள் விடியற்பொழுதில் நுஸ்ரத் என்னும் சிறிய துருக்கிக் கப்பல், எவரும் எதிர்பாராத இடத்தில், கரைக்கு இணையாக 26 கண்ணிகளை இட்டிருந்தது. அவ் வரிசை முழுமையாக வாரப்படாமல் நின்றது. மார்ச் 18 அன்று கூட்டுக் கடற்படை நீரிணையுள் நுழைந்தபோது பூவே என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பல் 600 க்கும் மேற்பட்ட மாலுமிகளோடு சில நிமிடங்களில் மூழ்கியது. இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் என்னும் இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் அன்றே அழிந்தன. கடல் வழியே வெல்லும் திட்டம் அத்துடன் முடிந்தது. கலிப்பொலி நிலப்போர் தொடங்கியது. பின்பு கீஸே விரைவு மிக்க நாசகாரிக் கப்பல்களைக் கண்ணி வாருவதற்கு ஏற்ப அமைத்தார். தேவைப்பட்டது வேறு வகைக் கப்பல் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? ஆயினும் பழிச்சொல் மீனவர்மேல் நெடுநாள் நிலைத்துவிட்டது. செய்பவனைக் கேளாமல் திட்டமிடுவதும், திட்டம் தோற்றபின் செய்தவனைக் குறை கூறுவதும் எல்லா நாட்டிலும் எல்லாத் தொழிலிலும் காணும் குறை. ஆலையிலும் பட்டறையிலும் பணியாற்றும் நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அன்பர்களே, இதுவரை தொலைதூரக் கடல்களைப் பற்றிக் கூறினோம். இனி நம் கடலுக்கு வருவோம். எம்டன் என்னும் பெயரை அறியாத தமிழர் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின்மேல் குண்டு வீசிய அக் கப்பலின் பெயர், வல்லவனையும் முரடனையும் குறிக்கும் சொல்லாகவே நம் மொழியிற் கலந்துவிட்டது. ஆனால் வோல்ஃப் என்னும் ஜெர்மன் கப்பலை அறிந்தவர் மிகச் சிலர். எம்டன் இரைச்சலிட்டது; வோல்ஃப் ஓசையின்றி வந்தது. அது சரக்குக் கப்பலின் தோற்றத்தோடு 1916 இன் இறுதியில் ஜெர்மனியிலிருந்து புறப்பட்டு, தென்னாப்பிரிக்காவைச் சுற்றி இந்துமாக் கடலுள் நுழைந்தது. 1917 பிப்ரவரியில் கொழும்புக்கு வெளியேயும், அன்று பம்பாய் என வழங்கிய இம்மும்பைக்கு வெளியேயும் இரவோடிரவாகக் கண்ணிகளை இட்டுச் சென்றது. பிப்ரவரி 17 அன்று உர்ஸ்டர்ஷயர், 21 அன்று பெர்சியஸ் என்னும் கப்பல்கள் கொழும்புக்கு அப்பால் மூழ்கின. மும்பைக்கு அப்பால் இட்டவை காத்துக்கிடந்தன. ஜூன் மாதத்தில், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில், மங்கோலியா என்னும் பெரிய பயணிக் கப்பல் அவற்றில் ஒன்றில் மோதி மூழ்கியது. கண்ணி இட்ட கப்பல் அதற்குள் பல ஆயிரம் மைல் அப்பாற் சென்றுவிட்டது. நாம் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் குழந்தைகளோடு காற்று வாங்கப் போகும் இக்கடலுக்கும் கண்ணியின் வரலாறு உண்டு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

1918 நவம்பரில் போர் ஓய்ந்தது. படைவீரர்கள் வீடு திரும்பினர். ஆனால் கண்ணிக்குப் போர் முடிந்த செய்தியைச் சொல்வார் யார்? ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஆர்க்னித் தீவுகளிலிருந்து நார்வே வரையில் அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் ஏறத்தாழ 70,000 கண்ணிகளை நீர்மூழ்கிகளைத் தடுக்கும் வேலியாக இட்டிருந்தனர். 1918 இல் சில மாதங்களில் இட்ட அவ்வேலியை அகற்ற 1919 இன் வசந்தமும் கோடையும் முழுமையாகத் தேவைப்பட்டன. அமெரிக்கக் கப்பல்களோடு, பிரிட்டனிடமிருந்து பெற்ற இழுவலைக் கப்பல்களும் அப்பணியில் ஈடுபட்டன. ரிச்சர்டு பல்க்லி என்னும் இழுவலைக் கப்பல், அமைதி நிலவிய 1919 ஜூலை மாதத்தில் கண்ணி வெடித்து மூழ்கியது. அதில் இருந்தோரில் எழுவர் மாண்டனர். பிரிட்டனிலும் இதற்கென்று தனிப்பணி ஒன்று தொடங்கப்பட்டு, விரும்பி முன்வந்தோர் சேர்க்கப்பட்டனர். தாம் மீண்டும் வலைவீச வேண்டிய நிலம் அதுவாதலால், மீனவர்க்கு அது தம் வீட்டு முற்றத்தைப் பெருக்குவது போன்ற வேலை. நான்கு ஆண்டுகள் வலைபடாமற் கிடந்த கடல், திரும்பிவந்தவர்க்கு மீனை வாரி வழங்கியது. அம்மீனோடு சில வேளைகளில் வெடியும் வலையில் வந்தது.

அம்மீனவரின் கைத்திறன் கடற்படையின் கருவியிலும் இடம்பெற்றது. இரு கப்பல்கள் இணைந்து இழுக்கும் முறையில் ஒன்றுக்கு இடையூறு நேர்ந்தால் மற்றொன்றும் பயனற்றுப் போகும். இதனை மாற்றி, ஒரே கப்பல் தனியாகக் கம்பியை விரித்து வாரும் முறை உருவாயிற்று. கம்பியின் நுனியில் ஒரு மிதவை. அதன்கீழ் வலையின் வாயை விரிக்கும் அதே வகைப் பலகை. மீனுக்கு விரிந்த பலகை கண்ணிக்கு விரிந்தது. ஒரோபெசா என்னும் இழுவலைக் கப்பலில் உருவானதால் இம் முறைக்கு அக்கப்பலின் பெயரே இடப்பட்டது. அடுத்த பெரும் போரிலும் அதுவே வழங்கியது.

அப்போர் 1939 இல் வந்தது. இங்கிலாந்தின் கிழக்குக் கோடியிலுள்ள லோஸ்டாஃப்ட் என்னும் மீன்பிடி ஊரில், நகராட்சியின் பூங்கா ஒன்று இருந்தது. பெயர் ‘குருவிக் கூடு’ என்று பொருள்படும் ஸ்பாரோஸ் நெஸ்ட். கோடையில் மக்கள் பாட்டும் கூத்தும் கண்டுகளித்த அப்பூங்காவே கடற்படைக் காவற்பணியின் தலைமையிடமாயிற்று. மீண்டும் இழுவலைக் கப்பல்கள் சாம்பல் நிறம் பூண்டன. மீன் நாற்றம் போகாத தளங்களில் பழைய பீரங்கிகள் ஏறின. மற்றக் கடற்படையினர் இப்பிரிவை ‘ஹாரி டேட்டின் கப்பற்படை’ என்று எள்ளினர். ஹாரி டேட் என்பவர், ஓட ஓட உதிர்ந்துவிழும் மோட்டார் வண்டியை வைத்து மேடையிற் சிரிப்பு மூட்டிய நடிகர். எள்ளப்பட்டவர்களோ அப்பெயரைத் தாமே விரும்பிச் சூடிக்கொண்டனர். நம் ஊர்களிலும் பட்டப்பெயரைப் பெருமையாக மாற்றிக்கொண்ட குடும்பங்கள் இல்லையா?

இம்முறை கண்ணியும் புதிய வடிவம் பூண்டது. கொம்பில் இடிக்க வேண்டுவதில்லை. மேலே செல்லும் கப்பலின் இரும்பு உண்டாக்கும் காந்த விசையே அதனை வெடிக்கச் செய்யும். கடலடியில் கட்டுக்கம்பியின்றிக் கிடக்கும் அதனை எந்தக் கம்பியால் அறுப்பது? 1939 நவம்பர் 23 அன்று ஷூபரினெஸ் என்னும் இடத்தில், நீர் வற்றிய சேற்றில் கிடந்த அத்தகைய கண்ணி ஒன்றை ஊவ்ரி என்னும் கடற்படை அதிகாரி தம் தோழர்களோடு அஞ்சாது பிரித்து அதன் மறையை வெளிப்படுத்தினார். அதன்பின், இரண்டு கப்பல்கள் மிதக்கும் மின்கம்பிகளைப் பின்னே இழுத்து, இடைவிட்டு இடைவிட்டு மின்சாரம் பாய்ச்சி, பொய்யான காந்த விசையைக் காட்டிக் கண்ணியைத் தொலைவிலேயே வெடிக்கச் செய்யும் முறை கண்டனர். பின்பு ஓசையால் வெடிக்கும் கண்ணி வந்தது. கப்பலின் முன்புறம் சம்மட்டி போன்ற கருவியை ஒலிக்கச் செய்து அதனையும் ஏமாற்றினர். வலையும் கம்பியும் மட்டும் அறிந்திருந்த மீனவர் மின்சாரத்தையும் ஒலியையும் கையாளக் கற்றனர். கற்ற தொழிலோடு நின்றுவிடாமல் புதியதைக் கற்றதனாலேயே அவர்களில் பலர் உயிரோடு வீடு திரும்பினர்.

இந்தியாவும் இதில் சேர்ந்தது. பாசெட் என்னும் பிரிட்டிஷ் இழுவலைக் கப்பலின் அமைப்பைத் தழுவி, கொல்கத்தா முதலிய இடங்களில் அன்றைய இந்தியக் கடற்படைக்காகக் கப்பல்கள் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்றின் பெயர் திருவாங்கூர். மீன்பிடிக் கப்பலின் வடிவம் ஹூக்ளி ஆற்றங்கரையில் போர்க்கோலம் பூண்டது.

போர் முடிந்தபின் லோஸ்டாஃப்டில் எழுப்பிய நினைவுத்தூண், கடலையே கல்லறையாகக் கொண்டுவிட்ட ஏறத்தாழ 2,400 பேரின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றது. அப்பணியில் ஈடுபட்டவர்க்கு ஒரு சிறு வெள்ளிச் சின்னம் அளிக்கப்பட்டது. அதில் ஒரு மீன்வலை; வலைக்குள் சிக்கிய இரண்டு கண்ணிகள்; நடுவே, கயிறு பின்ன மாலுமிகள் கையாளும் முள்ளாற் குத்துண்ட ஒரு சுறா. வாளும் சிங்கமும் பொறிக்காமல் வலையையும் கயிற்று முள்ளையும் பொறித்த அச்சின்னம், அவர்கள் தொழிலுக்குச் செய்த நேர்மையான வணக்கம் என்று நாம் கருதுகின்றோம்.

ஆயினும் கணக்கு இன்னும் தீர்ந்துவிடவில்லை. 2005 ஆம் ஆண்டில், போர் முடிந்து அறுபது ஆண்டுகள் கழிந்தபின், வட கடலில் ஓர் டச்சு மீன்பிடிக் கப்பலின் வலையில் ஏறிவந்த பழைய குண்டு தளத்தில் வெடித்து மூன்று மீனவர்கள் உயிரிழந்தனர். அவர்கள் அப்போரைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார்கள். இடுவது ஒரு கணம், எடுப்பது தலைமுறைகள். நச்சை விதைப்பவன் பெயர் வரலாற்று நூல்களில் வருகின்றது. அதனைக் களைந்தவன் பெயர் பெரும்பாலும் ஊர்க்கோடிக் கல்லில் மட்டுமே நிற்கின்றது.

பெற்றோர்களே, உங்கள் குழந்தைகள் பெரும்பதவி எய்த வேண்டும் என்று நீங்கள் விரும்புவது இயல்பே. நாமும் அதனையே வாழ்த்துகின்றோம். ஆனால் அவர்கள் கற்று உயர்ந்து, திட்டமிடும் நாற்காலியில் அமரும் நாள் வரும்போது, கம்பியைப் பிடித்தவன் சொல்வதைக் கேட்கும் செவியும் அவர்களுக்கு வேண்டும். ஸ்கார்பரோவில் மீனவன் தன் அறிவின்படி உழைத்தான், கடல் வழி திறந்தது. டார்டனெல்ஸில் அவன் அறிவைக் கேட்பார் இல்லை, மூன்று பெருங்கப்பல்கள் ஆழ்ந்தன. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நம் தந்தையரும் பாட்டன்மாரும் இந்நகருக்கு வந்தபோது பட்டங்களோடு வந்தவர்கள் சிலரே. கைத்தொழிலோடு வந்தவர் பலர். இச் சங்கத்தின் நூலகமும் இம்மேடையும் அவர்கள் சேர்த்த காசால் எழுந்தவை. வரும் ஆண்டிலாவது, நம் குடியிருப்பின் முதியோர் தம் தொழிலில் கண்டறிந்த நுட்பங்களை இளைஞர்கள் அவர்களோடு அமர்ந்து கேட்டு எழுதிவைக்க வேண்டும். அவற்றை நம் சங்க மலரில் வெளியிட வேண்டும். இதுவே எம் வேண்டுகோள்.

 கோலாட்டத்திற்குக் குழந்தைகள் ஆயத்தமாகிவிட்டார்கள். இனி மேடை அவர்களுடையது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!